அசனம் கிடையாது

பேசிக் கெட்டவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் பேசாமல் இருந்து கெட்டவன். அதுவும் கோயில் நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருக்க, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு பேசாமல் இருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது ஊர் என் கையை விட்டுப் போயிருந்தது.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றை ஒட்டியே கிழக்கே போனால் வருகிற எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். மில் ஓடுகிற இரைச்சலில் பேசிப் பேசி என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் நான் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரி கொண்டு வருவாளாம். (இது என் மனைவி எஸ்தர் சொல்வது. உண்மையில் ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது.) ஞாயிறு ஆராதனை தவறமாட்டேன், காலையில் முழங்கால் படியிடாமல் மில் சுவிட்சைத் தொடமாட்டேன். மற்றபடி என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் என்னைத் தலைவராக்கினார்கள்.

எதற்குத் தலைவர் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்று ஒன்று உண்டு. கோயில் பண்டிகையின்போது ஊரே அரிசியும் ஆடும் கொடுத்து, ஊரே கூடிச் சமைத்து, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. மும்பையில் இருக்கிறவன் கிறிஸ்துமஸுக்கு வராமல் இருந்துவிடுவான், அசனத்துக்கு வராமல் இருக்கமாட்டான். வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தூக்குச்சட்டியிலும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவான்.

அப்பேர்ப்பட்ட அசனம் எங்கள் ஊரில் இரண்டு வருஷமாக நடக்கவில்லை. கடைசியாக நடந்தபோது கீழத்தெரு உட்கார்ந்த பக்கம் வந்த வாளியில் குழம்பு மட்டும் இருந்தது என்றும், கறியெல்லாம் மேலத்தெருப் பக்கமே நின்றுவிட்டது என்றும் ஒரு பேச்சு. (நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எலும்பு வந்தது.) பேச்சு வளர்ந்து, வாளி பறந்து, இரண்டு தெருவும் முகம் பார்க்காமல் போய்விட்டது. மேலத்தெருவுக்குப் பெரியவர் தங்கையா அண்ணாச்சி, ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர். கீழத்தெருவுக்குப் பெரியவர் வேதமுத்து, வயல்காரர், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான்.

நான் மேலத்தெரு. எஸ்தர் பிறந்தது கீழத்தெரு. அண்ணன் வீடு கூப்பிடு தூரம். ஆனாலும் அந்த இரண்டு வருஷமும் அவள் அங்கே போய் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. போனால் எங்கள் தெருவில் பேச்சு வரும், போகாவிட்டால் அவர்கள் தெருவில் பேச்சு வரும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவள் மாதிரி பின்பக்கமாகப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். எங்களுக்கு மாடு கிடையாது.

புதிதாக வந்த ஐயர்தான் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது, வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்) இரண்டு பெரியவர்களிடமும் தனித்தனியாகப் பேசி, ஆடு மேலத்தெரு, அரிசி கீழத்தெரு என்று ஒப்பந்தம் பண்ணினார். நடுவில் ஒரு தலைவர் வேண்டும். இரண்டு தெருவுக்கும் பொதுவானவன், யாருக்கும் உபகாரமும் உபத்திரவமும் பண்ணத் தெரியாதவன் யார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எஸ்தர் கீரையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களையா? நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னாவளா?"

"ஆமாட்டி. எல்லாரும் கை தூக்குனாவ."

"எங்க அண்ணனுமா?"

"மொதக் கையே அவரு கைதான்."

அவள் திரும்பி உட்கார்ந்து கீரையை ஆய்ந்தாள். "அப்பம் நான் அண்ணன் பக்கத்துல உக்காந்து சாப்பிடலாம்" என்று கீரையிடம் சொன்னாள். அந்த ஒரு பேச்சுக்காகவே இதை நல்லபடியாக நடத்தவேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. வைராக்கியம் வந்ததோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மருமகனுக்குப் போன் போட்டேன்.

மருமகன் கிங்ஸ்லி பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அவருக்குக் கீழே நிறையப் பேர். தலைவர்கள் எப்படிப் பேசவேண்டும் என்று கம்பெனியே ஓட்டலில் அறை போட்டு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

"மாமா, ஒரு தலைவர் பேசுனா ஜனங்க அசையணும்."

"நான் பேசுனா மில்லே அதிருது மாப்பிள்ளை."

"சத்தத்தைச் சொல்லல மாமா. மனசு அசையணும். அதுக்கு ஒரு வழி இருக்கு. முதல் வரியிலயே ஒரு அதிர்ச்சி குடுங்க. தூங்குறவன் நிமிர்ந்து உக்காரணும். அப்புறம் ஒண்ணும் பேசாதீங்க. சும்மா நில்லுங்க. அந்த மௌனத்துல அவங்க துடிச்சிப்போயிருவாங்க. அப்பப் பாத்து நல்ல செய்தியைச் சொல்லுங்க. நேரா நெஞ்சுல போய் இறங்கும்."

"எவ்வளவு நேரம் சும்மா நிக்கணும்?"

"உங்களுக்கே தெரியும் மாமா. மனசுக்குள்ள ஒரு சின்ன ஜெபம் பண்ற நேரம்னு வச்சிக்கோங்களேன்."

பாவம், அவர் நல்லதாகத்தான் சொன்னார். ஜெபம் என்றால் எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாளே மில்லில் பழகிப்பார்த்தேன். கனி அக்கா கோதுமை அரைக்கத் தகர டின்னோடு வந்திருந்தாள். அரைத்து முடித்து, மில்லை நிறுத்திவிட்டு, முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, உங்க கோதுமை..."

நிறுத்தினேன்.

"என்னலே? என் கோதுமைக்கு என்ன?"

நான் பேசவில்லை. அக்காவின் கண் பெரிதாயிற்று. "வண்டு கிண்டு இருந்துதா? எலி விழுந்துட்டா? ஏலே, சொல்லித் தொலையேம்லே!" என்று டின்னைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள்.

"...நல்லா நைஸா அரைஞ்சிருக்கு."

"இதச் சொல்லதுக்கா உசுர வாங்குன?" என்று முழங்கை வரை மாவோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதைத்தான் மருமகன் சொன்ன மன அசைவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அசனத்துக்கு முந்தின ஞாயிறு வந்தது. எங்கள் ஆராதனையில் அறிவிப்பு கடைசியில்தான். அறிவிப்பு முடிந்தால் கடைசிப் பாட்டு, ஆசீர்வாதம், வீடு. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் போனேன். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். ஆண்களில் முன் பெஞ்சின் ஒரு முனையில் தங்கையா அண்ணாச்சி, மறு முனையில் மச்சான் வேதமுத்து. வெளியே வேப்பமரத்தடியில், உள்ளே வரச் சோம்பல்படுகிற கூட்டம் ஒன்று கூம்பு ஸ்பீக்கர் வழியாகவே ஆராதனையைக் கேட்டுக்கொண்டிருந்தது. எஸ்தர் நான் வாங்கிக்கொடுத்த நீலச் சேலையில் இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

நான் தயார் பண்ணி வைத்திருந்த பேச்சு இதுதான்: 'இந்த வருஷம் நம்ம ஊரில் அசனம் கிடையாது. நடக்கப்போவது வெறும் சாப்பாடு அல்ல, பிரிந்த சகோதரர்கள் ஒன்றுகூடும் திருநாள்.' முதல் வரி அதிர்ச்சி. இரண்டாவது வரி நல்ல செய்தி. நடுவில் மௌனம்.

மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். இந்த வருஷம் நம்ம ஊர்ல அசனம் கிடையாது!"

கோயில் அப்படியே உறைந்துபோயிற்று. விசிறி சுற்றுவது நின்ற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை சொன்னது வாஸ்தவம்தான், அசைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மனசுக்குள் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன்.

சின்ன ஜெபம் என்றுதான் அவர் சொன்னார். எனக்கு ஜெபத்தை அவசரமாகச் சொல்ல வராது. ஒவ்வொரு வார்த்தையையும் நினைத்து நினைத்துச் சொல்லித்தான் பழக்கம். பாதி ஜெபத்தில், அன்றன்றுள்ள அப்பம் என்கிற இடம் வரைக்கும் வந்திருப்பேன். ஆர்கன் முழங்கியது.

ஆர்கன் வாசிக்கிற சாலமோன் சாரைக் குற்றம் சொல்ல முடியாது. அறிவிப்பு வாசிக்கிறவர் பேசாமல் நின்று கண்ணை மூடித் தலை குனிந்தால் அறிவிப்பு முடிந்தது என்று அர்த்தம். உடனே கடைசிப் பாட்டு. அவர் வாசிக்க வந்த நாளிலிருந்து அதுதான் முறை. முன்வாசிப்பு தொடங்கியதும் சபை முழுக்க எழுந்து நின்றது. மைக் கீச்சிடக்கூடாது என்று மணியடிக்கிற கோயில்பிள்ளை அதை அணைத்தும்விட்டார். அதுவும் முறைதான்.

நான் கண்ணைத் திறந்தேன். மைக்கில் "அதாவது..." என்றேன். சத்தம் வரவில்லை. "அதாவது அசனம்..." என்று என் சொந்தக் குரலில் கத்தினேன். சபை பாட ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊரில் பாட்டு எடுத்துவிட்டால் இடி விழுந்தாலும் கடைசிச் சரணம் வரைக்கும் போய்த்தான் நிற்கும். அன்றைக்கு என்று பார்த்து நீளமான பாட்டு. வீட்டுக் கவலையெல்லாம் மறக்கப் பாடுகிறவர்கள், அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். ஒருத்தி பாடிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

பாட்டின் பாதியில் மச்சான் வேதமுத்து புத்தகத்தை மூடினார். பெஞ்சில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவழியாக வெளியே போனார். ஆசீர்வாதத்துக்கு முன்னால் அவர் கோயிலை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அவர் பின்னாலேயே கீழத்தெரு ஆண்கள் ஒவ்வொருவராக, பாடிக்கொண்டே போனார்கள். நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் பாடவில்லை. அந்த முகத்தை எழுதுவதற்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதாது.

ஆசீர்வாதம் முடிந்து வெளியே வருவதற்குள் கூம்பு ஸ்பீக்கர் கூட்டம் வேலையை முடித்திருந்தது. மேலத்தெருக்காரன் ஆடு தரமாட்டேன் என்றுவிட்டானாம் என்று கீழத்தெருவில் பேச்சு. கீழத்தெருக்காரன் அரிசியை வித்துவிட்டானாம் என்று மேலத்தெருவில் பேச்சு. இரண்டும் எதிரும் புதிருமாக வந்து என் மேலேயே மோதின.

"ஏலே ஞானராசு, கிடையாதுன்னு ஒங்கிட்ட யாருலே சொன்னது?" என்று தங்கையா அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்தார். "ஒன் மச்சான்தானே?"

"அண்ணாச்சி, யாரும் சொல்லல. அசனம் உண்டு. நான் அங்கன கொஞ்சம் சும்மா நின்னேன், அவ்வளவுதான்."

"சும்மா நின்னியா? ஆண்டவர் சந்நிதியில, மைக்ல, ஸ்தோத்திரம் சொல்லிக் கிடையாதுன்னுட்டு, இப்பம் வாசல்ல வந்து உண்டுங்க. எதுலே பொய்?"

கோயிலுக்குள் சொன்னது பொய் என்று சொன்னால் பாவம். வாசலில் சொல்வது பொய் என்றால் அசனம் போயிற்று. ஐயரிடம் ஓடினேன். அவர் அடுத்த ஊர் ஆராதனைக்குப் பைக்கை முடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு பெரிய ஆச்சரியம் இருந்தது.

"ஞானராஜ், எத்தனையோ மாசமா வீடு வீடா நடந்து பேசினேன். ஒரே வரியில முடிச்சிட்டீரே."

"ஐயரே, ரெண்டாவது வரி ஒண்ணு இருந்துது..."

"நீர் கெடுத்ததை நீரே போய்ச் சரி பண்ணும். நான் ஜெபிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டார்.

மத்தியானத்துக்குள் மும்பையிலிருந்து போன், தூத்துக்குடியிலிருந்து போன். டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டோம் என்றார்கள். உண்டு, உண்டு என்று நான் கத்திய கத்தலில் போனே தேவையில்லை, மும்பைக்கு நேராகவே கேட்டிருக்கும். அவர்கள் நம்பவில்லை. "மாமா, ஸ்பீக்கர்ல நீங்க சொன்னதை ஒருத்தன் செல்லுல பிடிச்சு அனுப்பியிருக்கான். நாங்க கேட்டுட்டோம்" என்றார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு புத்தி உள்ளவன் என்ன செய்வான்? நான் மறுபடியும் மருமகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, பதறாதீங்க. இப்ப நீங்க பேசவே கூடாது, கேக்கணும். அவங்க மனசுல உள்ளதைக் கொட்டட்டும். அவங்க என்ன சொல்றாங்களோ அதையே நீங்க திருப்பிச் சொல்லுங்க. நம்மளை ஒருத்தன் புரிஞ்சிக்கிட்டானேன்னு மனசு இளகிரும்."

சாயங்காலம் தங்கையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தேன்.

"கீழத்தெருக்காரனுவளுக்கு எவ்வளவு செஞ்சாலும் நன்றி இருக்காதுலே" என்றார் அவர்.

நான் தலையை ஆட்டினேன். திருப்பிச் சொன்னேன். "கீழத்தெருக்காரனுவளுக்கு எவ்வளவு செஞ்சாலும் நன்றி இருக்காது!"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "வாளியத் தூக்கி எறிஞ்ச பயலுவ."

"வாளியத் தூக்கி எறிஞ்ச பயலுவ!"

"அந்த வேதமுத்து இருக்கானே, வெறும் வெத்துவேட்டு."

"வேதமுத்து வெறும் வெத்துவேட்டு!"

மனசு இளகத்தான் செய்தது. அண்ணாச்சி கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல நீ ஒருத்தன்தாம்லே என்னைப் புரிஞ்சிருக்க" என்றார். அவர் மெதுவாகப் பேசினார், நான் மில் குரலில் பேசினேன் என்பது அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. அவர் சொன்னது அவர் வேட்டி மடிப்பைத் தாண்டவில்லை. நான் சொன்னது கீழத்தெருக் கடைசி வீடு வரைக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பினேன். எஸ்தர் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்க அண்ணன் வெத்துவேட்டா?"

"ஏட்டி, அது நான் சொன்னது இல்ல. அண்ணாச்சி சொன்னதை நான் திருப்பி..."

"அவிய சொன்னது யாருக்கும் கேக்கலியே. நீங்க சொன்னதுதான கேட்டுது." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு அசனம் வேண்டாம். ஆடும் வேண்டாம், சோறும் வேண்டாம். வேலிப்பக்கமாவது போய் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இனிமே அங்கனயும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

அதற்கப்புறம் பேசவில்லை. (மருமகன் சொன்ன மௌனம் எப்படி இருக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நெஞ்சில் இறங்கத்தான் செய்தது.)

திங்கட்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை எதையும் திருப்பிச் சொல்வதில்லை என்று தீர்மானம். அவர் களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"மாப்ளே, நான் ஒண்ணும் சொல்லல. சமையல்காரத் தவசிப்பிள்ளைகிட்ட வரண்டாம்னு சொல்லியாச்சு. அவரு அம்பாசமுத்திரத்துல ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாரு. எல்லாம் முடிஞ்சுது. என் தங்கச்சிக்காகப் பொறுத்துப் போறேன். பைய எந்திரிச்சு வீட்டுக்குப் போவும்."

"மச்சான், நான் உக்காரவே இல்லையே."

"அப்பம் சோலி சுளுவு. அப்படியே திரும்பும்."

அன்றைக்கு மில்லை ஓட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே முழங்கால் படியிட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தலைவராக இருக்கத் தெரியாது. அவள் அண்ணனை அவளிடம் திருப்பிக் கொடுத்தால் போதும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அவமானப்படுத்தும்" என்று அழுதேன். அந்தக் கடைசி வரியை நான் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆண்டவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மில்லைத் திறக்கப் போனேன். தங்கையா அண்ணாச்சியின் லோடு ஆட்டோ மேலத்தெருவிலிருந்து வந்தது. பின்னால் நிறைய ஆடுகள். அசனத்துக்கு என்று நேர்ந்துவிட்ட ஆடுகள். அண்ணாச்சி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். செவ்வாய் என்றால் மேலப்பாளையத்தில் ஆட்டுச்சந்தை. இந்த ஆடுகள் ஊர் எல்லை தாண்டினால் அப்புறம் அசனமும் இல்லை, அண்ணனும் இல்லை, தங்கையும் இல்லை.

ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். கையை விரித்தேன். வாயைத் திறந்தேன். அதிர்ச்சி, மௌனம், திருப்பிச் சொல்வது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நிறுத்தினால் யாராவது பாட்டை எடுத்துவிடுவார்கள் என்கிற பயம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி நிறுத்துங்க அசனம் உண்டு நான் கிடையாதுன்னு சொன்னது கிடையாதுன்னு சொல்லுததுக்கு இல்ல உண்டுன்னு சொல்லுததுக்கு முந்தி ஜனங்கள ஒரு உலுக்கு உலுக்கணும்னு என் மருமவன் சொன்னாரு நானும் உலுக்கிட்டுக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுனேன் ஜெபம் முடியதுக்குள்ள சாலமோன் சார் பாட்டெடுத்துட்டாவ ரெண்டாவது வரி என் வாயிலயே நின்னு போச்சு கீழத்தெருவும் ஒண்ணும் சொல்லல மேலத்தெருவும் ஒண்ணும் சொல்லல எல்லாம் இந்த ஞானராசு மடப்பய பண்ணுனது மச்சான் வெத்துவேட்டு இல்ல நான்தான் வெத்துவேட்டு என் பொண்டாட்டி ரெண்டு வருசமா இல்லாத மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறா அவ அண்ணன் பக்கத்துல ஒரு நேரம் உக்காந்து சாப்பிடணும் அண்ணாச்சி அதுக்குத்தான் நான் தலைவரானேன் என்னை வேணா சந்தையில வித்துருங்க ஆட்ட விட்டுருங்க!"

மூச்சு தீர்ந்துபோய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாந்து பார்த்தேன். மேலத்தெருவும் கீழத்தெருவும் வாசலில் நின்றன. கனி அக்கா டின்னோடு நின்றாள். கீழத்தெரு முனையில் மச்சான் வேதமுத்து, வாய் நிறையப் பல்பொடி நுரையோடு, கையில் சொம்போடு நின்றார். எஸ்தரும் வந்துவிட்டாள். இல்லாத மாடு என்று ஊர் நடுவே நான் சொன்னதில் அவள் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

மச்சான் கொப்பளித்துத் துப்பினார்.

"இந்தக் கூறுகெட்டவனையா தலைவரா ஆக்கி வச்சோம்?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பதில் லோடு ஆட்டோவின் முன்சீட்டிலிருந்து வந்தது.

"ஆக்குனோம்னு சொல்லாதேயும். நீருதான் மொதல்ல கையத் தூக்குனது."

இரண்டு வருஷத்தில் ஒருவருக்கொருவர் பேசிய முதல் பேச்சு அது.

"நீரு தூக்கலையா வே?"

"உம்ம சொந்தத் தங்கச்சி புருசன், தெரிஞ்சுதான் தூக்குதீருன்னு நம்பித் தூக்குனேன்."

"தெரிஞ்சிருந்தா தங்கச்சியவே குடுத்திருப்பேனா வே!"

முதலில் சிரித்தது கனி அக்கா. "எங்கிட்டயும் இப்படித்தாம்லே நிறுத்துனான், கோதுமையில எலி விழுந்துட்டுன்னு நெனச்சு நெஞ்சே நின்னுபோச்சு" என்றாள். அதற்கப்புறம் ஊர் முழுக்கச் சிரிப்பு. என்னைத் திட்டுவதில் இரண்டு தெருவுக்கும் ஒரே கருத்து. ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்தார். மச்சான் வண்டி ஓரத்தில் கையை ஊன்றி நின்று திட்டினார். அண்ணாச்சி கீழே இறங்கி அவர் பக்கத்தில் நின்று திட்டினார். இதற்கு நடுவே ஒரு கிடா கழுத்தை நீட்டி, அக்காவின் டின்னிலிருந்த உளுந்தைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கும் என்னையே திட்டினார்கள். ஜெபத்தின் கடைசி வரி இவ்வளவு சீக்கிரம் கேட்கப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரோட்டில் உட்கார்ந்தபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அசனம் நடந்தது. தவசிப்பிள்ளை அம்பாசமுத்திரம் போய்விட்டதால் இரண்டு தெரு ஆண்களும் சேர்ந்து சமைத்தார்கள். சோறு கூழாகிவிட்டது. குழம்பு உறைப்பில் குழந்தைகள் அழுதார்கள். தலைவர் சரியில்லை என்றார்கள். மும்பைக்காரர்கள் யாரும் வரவில்லை. அதற்கும் தலைவர்தான் காரணம். நான் தண்ணீர்ச் செம்போடு பந்தியில் நடந்தபோது எஸ்தரைப் பார்த்தேன். மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் தன் இலையிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து, பேசாமல் அவள் இலையில் வைத்தார். அவள் அதை உடனே தின்னவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணில் குழம்பு பட்டுவிட்டது.

மறு வருஷம் இன்னொன்று நடந்தது. அந்த அசனத்தில் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பரிமாறிய தங்கையா அண்ணாச்சியின் கடைசிப் பையனுக்கும் மச்சான் வேதமுத்துவின் மகளுக்கும் கல்யாணம் முடிவாயிற்று. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, யாராவது எழுந்திருக்கிறார்களா என்று ஐயர் சற்று நேரம் பேசாமல் நிற்பார்.

ஐயர் வாசித்தார். நின்றார். கோயில் அமைதியாக இருந்தது.

என் தொண்டையில் என்னவோ அரித்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இருமிவிட்டேன். மில் குரலில் இருமல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சபை முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது. மணப்பெண் "ஐயோ மாமா!" என்றாள். எஸ்தர் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேவிட்டாள். மச்சான் வேதமுத்து பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து, ஆர்கன் பக்கம் கையைக் காட்டி, என்னையே தோற்கடிக்கிற குரலில் கத்தினார்:

"சார், பாட்டை எடுங்க!"

சாலமோன் சார் எடுத்துவிட்டார். ஓலை வாசிப்பின் நடுவில், எந்த முறையிலும் இல்லாத இடத்தில், சபை எழுந்து நின்று எல்லாச் சரணத்தையும் பாடி முடித்தது. ஐயரும் பாடினார்.

இன்றைக்கும் வீட்டில் நான் வாயைத் திறந்து ஏதாவது யோசித்து நின்றால் போதும், பேரப்பிள்ளைகள் வரைக்கும் "சார், பாட்டை எடுங்க!" என்பார்கள். அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைக்கே இப்போது அது சொல்லத் தெரியும். நான் அன்றைக்கு இருமியது மாவுத்தூசிக்கு. ஆண்டவர் அறிய மாவுத்தூசிக்குத்தான். எஸ்தர்கூட நம்புவதில்லை.